பதினொரு நாள் பையில் இருந்த காகிதம்

தண்ணீரில் கரைந்திருப்பதை அகச்சிவப்பு ஒளியால் கண்டுபிடிப்பது பற்றி நான் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் முதல் பத்தி ஒரே மாதிரி இருக்கும். நிலத்தடி நீர், பொதுமக்கள் நலம், வருங்காலத் தலைமுறை என்று நல்ல பிள்ளையாகத் தொடங்குவேன். அத்தனையும் பொய். நான் ஒரே ஒரு ஆளைப் பழிவாங்கத்தான் இந்தத் துறைக்கு வந்தேன். அவர் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியின் தலைவர். ஊருக்கு மேற்கே ஓடைக்கரையில் சாயப்பட்டறை வைத்திருந்தவரும் அவரேதான்.

எங்கள் ஊர் எடப்பாடிக்குப் பக்கம். பாதிப் பேருக்குத் தறி, பாதிப் பேருக்குக் காட்டு வெள்ளாமை. அப்பா போர்வெல் வண்டியில் வேலைக்குப் போனால் எட்டு மாதம், பத்து மாதம் வடக்கே எங்காவது பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். அம்மாதான் இரண்டு கறவை மாடுகளை வைத்து வீட்டை ஓட்டினாள். காலையும் மாலையும் சொசைட்டியில் பால் ஊற்றுவாள். எங்கள் கிணறு ஓடையை ஒட்டி இருந்தது. குடிக்க ஆகாது, உப்பு. மாட்டுக்கும் பாத்திரம் கழுவவும்தான் அந்தத் தண்ணீர். குடிக்க மட்டும் ஊர்ப் பொதுக்கிணற்றிலிருந்து கொண்டுவருவோம். அதற்குப் பெயரே நல்ல தண்ணீர்.

நான் பத்தாவது படித்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் அடிமட்டத்தில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. வாளியில் இறைத்தால் மேலே நுரை நின்றது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அம்மா நேராகச் சாயப்பட்டறைக்குப் போய், ராத்திரியில் ஓடையில் எதையோ திறந்து விடுகிறீர்கள் போலிருக்கிறது என்று கேட்டுவிட்டாள். அவர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, காபி கொடுத்து, பார்க்கிறேன் என்று அனுப்பினார். அந்த மரியாதையைப் பற்றி அம்மா இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் தலைவரே சொசைட்டிக்கு வந்து நின்றார். வழக்கமாக அங்கே பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அன்று அவர் ஒரு சின்ன பாட்டிலும் நான்கைந்து கண்ணாடிக் குழாயும் கொண்டுவந்திருந்தார். பால் கெடாமல் இருக்கச் சிலர் சோடா உப்பு கலப்பதாகப் புகார் வந்திருக்கிறது, சோதிக்க வேண்டும் என்றார். முதலில் மூன்று பேருடைய பாலில் சொட்டு விட்டார்கள். வெளிர் பழுப்பாகத்தான் இருந்தது. நான்காவது அம்மாவுடையது. குழாய் ரோஜா நிறமானது. நான் பள்ளிக்கூடப் பையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு அழகான நிறம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கறக்கும் பாத்திரத்துக்குப் போசி என்று பெயர். வெறும் போசியில் பால் கறக்கக் கூடாது என்பார்கள் எங்கள் பக்கம். மடியைக் கழுவிய தண்ணீரில் மிச்சம் கொஞ்சம் போசியில் கிடக்கும், அதன் மேல்தான் கறப்பார்கள். மாட்டுக்குக் கண் படாமல் இருக்க என்பார்கள், பால் அடிப்பிடிக்காமல் இருக்க என்பார்கள். அன்று வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் அப்படிக் கறந்து கொண்டுவந்தவர்கள்தான். அம்மா அதை ஒளிக்கவில்லை.

"போசியில அரச்சொம்பு தண்ணி கெடந்துச்சுங்க. எல்லாரும் உடறதுதானுங்க. சோடாவ நான் கண்ணுலயே பாத்ததில்லீங்க" என்றாள்.

வரிசையில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஆமாம், நாங்களும் விடுவோம் என்று ஒரு ஆள் சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் தங்கள் கேனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஊருக்கே கெட்ட பேரு வாங்கிக் குடுக்கறீங்களே அம்மிணி" என்றார் தலைவர். குரலை உயர்த்தவே இல்லை. எங்கள் பாலை வாசலில் கொட்டச் சொன்னார். அம்மாவின் உறுப்பினர் அட்டையை வாங்கிக்கொண்டார். சொசைட்டிக் கரும்பலகையில் அம்மாவின் பெயரை எழுதி, பக்கத்தில் கலப்படம் என்று எழுதினார்கள். அது ஒன்றரை மாதம் அழிக்கப்படாமல் இருந்தது. நான் பள்ளிக்கூடம் போகும் வழியே அதுதான்.

அன்றிலிருந்து அம்மா சோடாக்காரி. ஒரு வருடத்துக்கெல்லாம் அவளுடைய சொந்தப் பெயர் பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. என் வகுப்பில் ஒருத்தி, ஒரு சோடா வாங்கிவா என்று என்னிடம் காசை நீட்டினாள். நான் அவள் கையைக் கடித்துவிட்டேன். இரத்தம் வந்தது. தலைமையாசிரியை அறைக்கு வெளியே முட்டி போட்டேன். இன்றும் அதற்காக எனக்கு வருத்தம் இல்லை. அம்மா ஒரு மாட்டை விற்றாள். இன்னொரு மாட்டின் பாலை டீக்கடைக்கு ஊற்றினாள். போசியை வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, துணியால் துடைத்து, எலும்பாகக் காய்ந்த பிறகுதான் அதில் கறப்பாள். பண்டிகைக்குப் போனால் ஓரமாக நிற்பாள். யாராவது இரண்டு பேர் பேசிச் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொள்வாள். பாதி நேரம் அது உண்மையாகவும் இருந்தது.

சேலத்தில் கல்லூரியில் வேதியியல் இரண்டாம் வருடம் படிக்கும்போது பால் கலப்படச் சோதனை ஒன்று வந்தது. பாட்டிலைத் திறந்து சொட்டு விட்டதும் அதே ரோஜா நிறம். சோடா உப்பு இருந்தால் இப்படி ஆகும் என்றார் ஆசிரியர். இது வேறு எதற்கெல்லாம் பயன்படும் என்று கேட்டார். துணி துவைக்க, கண்ணாடி செய்ய என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசி வரிசையில் குமாரபாளையத்துப் பையன் ஒருவன் எழுந்து, சாயம் நூலில் பிடிக்கச் சாயப்பட்டறையில் மூட்டை மூட்டையாகப் போடுவோம் சார் என்றான்.  எங்கள் கிணற்றுச் சேற்றுத் தண்ணீரில் அது இருந்திருக்கிறது. அம்மா போசியில் விட்டது அதைத்தான். எந்தப் பாலில் சொட்டு விட்டால் எந்த நிறம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரே ஆள் அந்தக் கூட்டத்தில் அவர்தான். தெரிந்துதான் பாட்டிலோடு வந்தார்.

அந்த விடுமுறையிலேயே கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துக் காகிதத்தோடு ஊரில் நான்கு பேரிடம் போனேன். தலைவரிடமும் போனேன். சிரித்தார். இந்தப் பக்கத்து மண்ணே அப்படித்தான், களர், எந்தக் கிணற்றைப் பார்த்தாலும் உப்பும் சோடாவும் இருக்கும் என்றார். அது முழுப் பொய் இல்லை என்பதுதான் என்னைக் கொன்றது. சோதனை எனக்கு ஒரு எண்ணைக் கொடுத்தது. தண்ணீரில் இவ்வளவு கரைந்திருக்கிறது என்றது. யார் வீட்டிலிருந்து வந்தது என்று அது சொல்லாது. எனக்கு எண் வேண்டாம், பெயர் வேண்டும்.

பெயர் சொல்லக்கூடியது அகச்சிவப்பு ஒளிதான் என்று எம்.எஸ்சி.யில் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு பொருளின் மூலக்கூறும் தனக்கே உரிய வேகத்தில் அதிர்கிறது. ஒளியைச் செலுத்தினால் அந்த அதிர்வுக்குப் பொருந்தும் பங்கை மட்டும் விழுங்கிவிடும். விழுங்கிய இடங்கள் காகிதத்தில் மேடும் பள்ளமுமாகக் கோடு விழும். அந்தக் கோட்டின் ஒரு பகுதியைக் கைரேகைப் பகுதி என்றே சொல்வார்கள். இரண்டு பொருளுக்கு ஒரே ரேகை இருக்காது. நூலில் சாயம் திட்டுத்திட்டாக ஏறாமல் சீராக ஏறுவதற்குச் சாயப்பட்டறையில் எண்ணெய்ப் பதமான ஒரு கெமிக்கல் சேர்ப்பார்கள். மண்ணிலோ பாறையிலோ அது பிறக்காது. அதன் ரேகையை எங்கள் கிணற்றில் காட்டிவிட்டால் களர் மண் என்று அவர் வாய் திறக்க முடியாது.

ஒரே ஒரு தொல்லை. அகச்சிவப்பு ஒளிக்குத் தண்ணீர் ஜென்ம எதிரி. மற்றப் பொருள்கள் விழுங்கும் இடங்களிலெல்லாம் தண்ணீர் முதலில் வாயைத் திறந்து ஒளி முழுவதையும் விழுங்கிவிடும். கல்யாண வீட்டு மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் காதில் ரகசியம் சொல்வது போல, கரைந்திருக்கும் சொற்பப் பொருளின் குரல் கேட்கவே கேட்காது. நான் முதன்முதலில் அந்தக் கருவியைத் தொட்டபோது சொல்லிக்கொடுத்த முதல் பாடம், தண்ணீரைப் பக்கத்தில் கொண்டுவராதே என்பது. நான் தண்ணீருக்காகவே வந்தவள் என்று சொல்லிக்கொடுத்தவர்களுக்குத் தெரியாது.

ஆராய்ச்சிப் பட்டம் முடித்து நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். வேறு ஊர்களில் இதைவிட நல்ல வேலை கிடைத்தது. போகவில்லை. வீட்டிலிருந்து இரண்டு பஸ்ஸில் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. கல்லூரிக்கு ஆய்வுக்குழு வரும்போது காட்டுவதற்காக வாங்கிய அகச்சிவப்புக் கருவி ஒன்று துணி போர்த்தி இருந்தது. ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனமும் குங்குமமும் மூடியில் காய்ந்திருந்தன. அதை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. லேபில் எனக்குத் துணை ராசிபுரத்துக்காரப் பெண்மணி ஒருவர், லேப் அசிஸ்டென்ட். என்னைவிட மூத்தவர், நான் அக்கா என்பேன், அவர் என்னை மேடம் என்பார்.

கருவியில் சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு படிகம் உண்டு. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் ஒளி அடிப்பரப்பை மட்டும் தொட்டுவிட்டுத் திரும்பும். தண்ணீரின் கூச்சல் கொஞ்சம் குறையும், ஆனால் போதாது. சொட்டைக் காயவைத்துப் பார்த்தோம். காய்ந்த சொட்டு ஓரத்தில் வளையமாக ஒதுங்கிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு காட்டியது. இரண்டு வருடம் அதிலேயே போயிற்று. பிறகு படிகத்தின் மேல் ரப்பர் போன்ற ஒரு பூச்சை மிக மெல்லிசாகப் பூசினோம். அது தண்ணீரை ஒட்டவிடாது, எண்ணெய்ப் பதமான பொருளை மட்டும் தனக்குள் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். அரைமணி நேரம் அதன்மேல் தண்ணீரை மெதுவாக ஓடவிட்டால், ஒரு குடத்தில் துளியாக இருந்த பொருள் பூச்சுக்குள் கூட்டம் கூடிவிடும். பூச்சு தடித்தால் உரிந்தது, மெலிந்தால் பிடிக்கவில்லை. மே மாதத்தில் கரண்ட் போய், ஏசி நின்று, கருவிக்குள் ஈரம் ஏறி, ஒரு மாத வேலை வீணான நாட்கள் உண்டு. அக்கா சலித்துக்கொள்வார். நான் சலித்ததில்லை. கோபம் சோறு மாதிரி, மூன்று வேளையும் பசியாற்றும்.

கடைசியாகத் தண்ணீரின் மிச்சக் கோட்டைக் கழிக்க வேண்டும். அழுக்கில்லாத தண்ணீரின் கோட்டை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, சோதிக்கும் தண்ணீரின் கோட்டிலிருந்து அதைக் கழித்தால், மீதம் நிற்பது கரைந்திருப்பதன் கோடு. எல்லோரும் இதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீரை வைத்துக்கொள்வார்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் மண்ணின் உப்பு, எங்கள் பாறையின் சுண்ணாம்பு எல்லாம் இருக்கிற, ஆனால் சாயம் தொடாத தண்ணீரைத்தான் கழிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். மண்ணே அப்படித்தான் என்று அவர் சொல்வதற்கு ஒரு இடுக்குக்கூட விடக் கூடாது. அதனால் ஒவ்வொரு வாரமும் வீட்டுக்குப் போய்க் குடிக்கிற நல்ல தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்தேன். அதில் கிணற்றுக்குச் சமமாக உப்பும் சோடாவும் சேர்த்துக் கழித்தோம்.

ஒன்றும் வரவில்லை. எங்கள் கிணற்றுக் கோட்டிலிருந்து நல்ல தண்ணீரின் கோட்டைக் கழித்தால் மேடு பள்ளம் இல்லாத தரைதான் மிஞ்சியது. ஒன்றரை வருடம் அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை அவர் சொன்னதுதான் உண்மையோ என்று ஒரு நாள் தோன்றியது. அன்று லேபிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இந்தப் பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் வகுப்பு முடித்து வந்தபோது அக்கா கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"உங்கூட்டு நல்ல தண்ணி தீந்துபோச்சுங்க மேடம். டிஸ்டில்டு வாட்டர்லயே உப்பப் போட்டு ஓட்டிட்டேன். தப்புங்களா?" என்றார்.

திரையில், கோட்டின் அடியில் ஆயிரத்து நூறு என்று குறித்த இடத்தை ஒட்டி அகலமான ஒரு மேடு எழுந்து நின்றது. எடப்பாடிக் கெமிக்கல் கடையில் பட்டறைக்காரி மாதிரி நடித்து நான் வாங்கி வைத்திருந்த கெமிக்கலின் ரேகையை அதன்மேல் வைத்தேன். மேட்டுக்கு மேடு, பள்ளத்துக்குப் பள்ளம் பொருந்தியது. ஆள் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார். நான் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

பிறகுதான் புத்தி வேலை செய்தது. நல்ல தண்ணீரைக் கழித்தால் மறைகிறது என்றால், நல்ல தண்ணீரிலும் அது இருக்கிறது, கிணற்றைப் போலவே பூச்சை நிரப்பும் அளவுக்கு. மறுநாளே அரைநாள் விடுப்பில் போய்ப் பொதுக்கிணற்றிலிருந்து நானே கயிறு போட்டு இறைத்துக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்தேன். வீட்டிலிருந்தும் வழக்கம் போல ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டேன். லேபில் பார்த்தால் பொதுக்கிணற்றுத் தண்ணீரில் ஒன்றும் இல்லை, சுத்தம்; வீட்டிலிருந்து பிடித்ததில் அதே மேடு. அப்படியானால் பொதுக்கிணற்றுக்கும் என் பாட்டிலுக்கும் இடையில் என்ன இருக்கிறது? வீட்டுச் சமையலறையில் நீல டிரம் இருக்கிறது. கெமிக்கல் வருகிற பிளாஸ்டிக் டிரம். காலியானதும் கழுவிக் குடிதண்ணீர் பிடித்து வைக்காத வீடு எங்கள் பக்கம் கிடையாது. சொசைட்டித் தலைவர் பொங்கலுக்குப் பொங்கல் தன் பட்டறையில் காலியான டிரம்களை வீட்டுக்கு ஒன்றாக ஊருக்கே இனாமாகக் கொடுப்பார். பாதி கிழிந்த லேபிள் அதன் வயிற்றில் ஒட்டியே இருந்தது. எத்தனை நூறு தடவை அதைத் தொட்டு மோந்து குடித்திருப்பேன். நானும் வேதியியல்காரி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஊரார் நாக்குக்கு இனிக்கிறது என்றால் அது நல்ல தண்ணீர், அதற்கு மேல் யோசிக்க எனக்கும் தோன்றவில்லை.

அன்று மாலையே இரண்டு காகிதங்களையும் அச்சடித்துப் பையில் வைத்தேன். ஒன்று எங்கள் கிணறு, இன்னொன்று டிரம். சொசைட்டியின் வருடாந்திரப் பொதுக்கூட்டத்துக்குப் பதினொரு நாள் இருந்தது. எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வருவார்கள், அவர் மேடையில் மாலையோடு உட்கார்ந்திருப்பார். எங்கே அம்மாவின் பெயரை எழுதினார்களோ அதே கரும்பலகைக்கு முன்னால். வேறு எந்த இடத்திலும் இதைச் சொல்ல எனக்கு மனம் இல்லை. முன்னாலேயே கசிந்தால் அவர் டிரம்களை அள்ளிக்கொண்டு போய்விடுவார், யாரையாவது பிடித்து வேறு காகிதம் வாங்கிவிடுவார். ஆகவே யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை அம்மா போன் செய்தாள். குரலே வேறு மாதிரி இருந்தது. மாரியம்மன் பண்டிகைக்குத் தீர்த்தக்குடம் எடுத்து வருகிறவர்களுக்கு எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நீர்மோர் ஊற்றுவது முறை. இத்தனை வருடத்தில் அம்மாவிடம் யாரும் கேட்டதில்லை. இந்த முறை தெருக்காரர்களே வந்து, நீங்கள் ஊற்றுங்கள் என்று கேட்டார்களாம். பழையதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது என்றார்களாம். எவ்வளவு தயிர் உறைய வைக்க வேண்டும், கறிவேப்பிலை எங்கே வாங்குவது என்று கால் மணி நேரம் பேசினாள். டிரம்மைக் கவிழ்த்துப் போடும்மா என்று மூன்றே சொல் என் தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் ஏன் என்பாள். காரணம் சொன்னால் பொழுது போவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். கலப்படம் என்பதற்குத் தண்டனை வாங்கியவள், இன்னொருவரைத் தெரியாமல் குடிக்கவிட மாட்டாள். நான் கறிவேப்பிலையைப் பற்றியே பேசிவிட்டுப் போனை வைத்தேன்.

எனக்கு நானே பல சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது உடனே ஆளைக் கொல்லும் விஷம் அல்ல. இத்தனை வருடம் குடித்தவர்களுக்குப் பதினொரு நாளில் என்ன ஆகிவிடும். இதெல்லாம் மேலுக்குச் சொன்னது. அடியில் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். அன்று கேனைப் பார்த்துக்கொண்டு நின்றார்களே, அவர்கள் இன்னும் பதினொரு நாள் குடிக்கட்டும் என்று இருந்தது.

பண்டிகை ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் போயிருந்தேன். அம்மா புதுச் சேலை கட்டி, வாசலில் பந்தல் போட்டு, இரண்டு அண்டா நிறைய மோர் வைத்திருந்தாள். வெயிலில் வெறுங்காலோடு வந்தவர்களுக்கெல்லாம் அவளே மோந்து கொடுத்தாள். பால் கொட்டிய அன்று சொசைட்டி வரிசையில் நின்ற பெண்களில் இருவர் வந்து குடித்துவிட்டு, உங்கள் கை மோர் போல் வராது என்றார்கள். அம்மாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. வரவு செலவு வாசித்து முடித்ததும் நான் எழுந்து பேச அனுமதி கேட்டேன். படித்த பிள்ளை, பேசட்டும் என்றார் தலைவர். முதலில் அந்த ரோஜா நிறத்தைப் பற்றிச் சொன்னேன். சோடா உப்பு எங்கே மூட்டை மூட்டையாகப் போகிறது என்று கேட்டேன். வழக்கம் போல, நம்ம மண்ணே அப்படித்தானுங்களே என்றார். அதற்காகத்தான் காத்திருந்தேன். முதல் காகிதத்தைச் செயலாளரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னேன். அவர் காகிதத்தின் தலைப்பில் அச்சாகியிருந்த தேதியிலிருந்து ஒரு வரி விடாமல் வாசித்தார். கெமிக்கலின் பெயரை வாசித்ததும், அந்தப் பெயர் மண்ணில் விளையுமா என்று தலைவரைக் கேட்டேன். அவர் செயலாளர் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்தார். இரண்டாவது காகிதத்தை நானே வாசித்தேன். இது நீங்கள் பொங்கலுக்குக் கொடுத்த டிரம்மில் இருக்கும் தண்ணீர், இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோரும் காலையில் குடித்துவிட்டு வந்தது என்றேன்.

சபை ஒரே இரைச்சலானது. நாற்காலிகள் விழுந்தன. அவருடைய மாலையை யாரோ இழுத்தார்கள், பூ கொட்டியது. எழுபது வயது ஆள், எழுந்து நின்று, பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தப்பு என்ற மேலதானுங்க அம்மிணி. அன்னைக்குத் தெரிஞ்சேதான் செஞ்சேன்" என்றார்.

இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், உடம்பு முழுவதும் இனித்தது. இருபத்துநான்கு வருடம் இதற்காகத்தான் காத்திருந்தேன், நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. அவர் மேடையிலிருந்து இறங்கிப் போகும்போது வழிவிடாமல் கொஞ்ச நேரம் நின்றேன். இன்று நினைத்தாலும் அவர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை.

அம்மாவைத் தேடினேன். அவள் கூட்டம் கலைவதற்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். நான் போனபோது டிரம் வாசலில் கவிழ்ந்து கிடந்தது, மண் ஈரமாக இருந்தது. அம்மா அதன் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். சந்தோஷமாம்மா என்று கேட்டேன்.

"அந்தக் காயிதத்துல தேதி படிச்சாங்களே. அது பண்டிகைக்கு மிந்தியா, பிந்தியா?" என்றாள்.

முந்தி என்றேன்.

"அதான் அன்னைக்கு நீ ஒரு டம்ளரு மோருகூட வாங்கிக் குடிக்கல."

நான் பையிலிருந்த பாட்டில் தண்ணீரைத்தான் அன்று முழுவதும் குடித்தேன். அதை அவள் பார்த்திருக்கிறாள். கூட்டம் வரைக்கும் பொறுத்திருந்தால்தான் அவரைப் பிடிக்க முடியும், உனக்காகத்தான் செய்தேன் என்று ஏதேதோ சொன்னேன். அம்மா முடிக்கவிட்டாள்.

"அன்னைக்கு நான் தெரியாமக் கலந்தேன் சாமி. இப்ப நீ தெரிஞ்சே என்ற கையால ஊருக்கெல்லாம் ஊத்த வெச்சுட்ட" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எழுந்து முகம் கழுவிக்கொண்டு தெருவில் இறங்கினாள். முதல் வீட்டில் ஆரம்பித்து ஒவ்வொரு வாசலாக நின்றாள். நான் எங்கள் வாசலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பண்டிகைக்கு ஊற்றிய மோரிலும் அந்தக் கெமிக்கல் இருந்தது, டிரம் தண்ணீரில் கரைத்தது, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்கள் என்ன செய்வீர்கள் என்றார்கள். அவள் மறுபடியும் என்னுடைய தப்புதான் என்றாள். பொழுது சாயும்வரை கடைசி வீடு வரைக்கும் போய்விட்டு வந்தாள். எனக்கு முன்பே தெரியும் என்பதை எந்த வீட்டிலும் அவள் சொல்லவில்லை.